மேகம் நாலு மணி வரைதான் நிற்கும்

மேகம் காலையிலேயே வந்து நின்றுவிட்டது. கூட்டத்துக்கு வரவேண்டிய மூன்று பேர்தான் வந்தபாடில்லை.

பவளங்குறிச்சி வட்டார மழைக் குழுவின் செயலர் உலகம்மாள், அலுவலக ஜன்னலில் நின்றுகொண்டு மேகத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள். நல்ல கனத்த மேகம். உப்பளங்களுக்கு நேர்மேலே, நகராமல் கிடந்தது. அதைச் சுற்றி ட்ரோன்கள் ஈ மொய்ப்பது மாதிரி வட்டமடித்துக்கொண்டிருந்தன. ஊரில் அவற்றுக்கு மேய்ப்பான்கள் என்று பேர். மன்னார் வளைகுடாவில் எங்கோ தேடிப் பிடித்து, ராத்திரி முழுக்க ஓட்டிவந்து நிறுத்தியிருந்தன. சாயங்காலம் நாலு மணி வரை பிடித்து வைத்திருக்கும். பெய்ய ஆரம்பித்துவிட்டால் பிடித்து வைக்க வேண்டியதில்லை. இல்லாவிட்டால் அதற்கு மேல் பேட்டரி தாங்காது.

பருவமழை தன் இஷ்டத்துக்கு வருவதும் வராமல் ஏமாற்றுவதுமாக ஆகிப்போன பிறகு, மேகத்தை ஓட்டிவந்து வேண்டிய நேரத்தில் பிழிந்துகொள்ள விஞ்ஞானிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பெரிய சாதனைதான், யார் மறுத்தார்கள்? ஆனால் வானம் தானாகப் பெய்த காலத்தில், மழை கூடினாலும் குறைந்தாலும் ஜனங்கள் வானத்தை நாலு திட்டு திட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். இப்போது திட்டுவதற்கென்று ஒரு அலுவலகம் இருந்தது. அதில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் மூன்று வருஷமாக உலகம்மாள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, "போன மேகத்த ஏன் திருப்பி அனுப்புனீங்க?" என்று பக்கத்து இலையிலிருந்து கேட்கிறார்கள். சோறு எப்படி இறங்கும்?

ஒவ்வொரு மேகத்துக்கும் மூன்று வழி உண்டு. பெருமழை என்றால் மொத்தத்தையும் பிழிந்து ஒரே ராத்திரியில் கொட்டிவிடுவது. தூறல் என்றால் இரண்டு நாளைக்கு மெல்ல நனைப்பது. மூன்றாவது, மழையே வேண்டாம் என்று மேகத்தைக் கடலுக்கே விரட்டிவிடுவது. எதைச் செய்தாலும் வட்டாரம் முழுவதற்கும் ஒன்றுதான். இந்தத் தெருவுக்கு இவ்வளவு, அந்தக் காட்டுக்கு அவ்வளவு என்று அளந்து ஊற்றுகிற வித்தை இன்னும் கைவரவில்லை.

குழுவில் மூன்று பேர். கரிசல்காட்டு விவசாயிகளுக்கு ஒருவர், உப்பளத்துக்கு ஒருவர், டவுனுக்கு ஒருவர். எது முதலில் வேண்டும், அது இல்லாவிட்டால் எது, கடைசிபட்சம் எது என்று மூவரும் வரிசைப்படுத்தி இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும். இயந்திரத்துக்கு நடுவர் என்று அரசாங்கமே பேர் வைத்திருந்தது. அது இரண்டிரண்டாக எடுத்து ஒப்பிட்டு, எதற்கு இரண்டு பேர் ஆதரவோ அதை மேலே வைக்கும். மற்ற இரண்டையும் எது ஜெயிக்கிறதோ அதுதான் உத்தரவு. மூன்று பேர், மூன்று வழி, இதில் என்ன குழப்பம் வந்துவிடப்போகிறது என்று நினைத்துத்தான் உலகம்மாளும் இந்த வேலைக்கு மனுப் போட்டாள். செயலருக்கு ஓட்டுக் கிடையாது என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருவழியாக மூன்று பேரும் வந்து சேர்ந்தார்கள். முதலில் அய்யலுசாமி, கையில் வேரோடு பிடுங்கிய ஒரு பருத்திச் செடியோடு. பின்னாலேயே ரொசாரியோ. துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், டவுன் குடியிருப்போர் சங்கத் தலைவர். கடைசியாக சந்தனமாரி, உப்புப் பாத்தியிலிருந்து நேராக வந்திருந்தாள். இருபது வருஷம் அடுத்தவர் உப்பளத்தில் உப்பு வாரியவள். இந்த வருஷம்தான் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சொந்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அவள் கால்களில் உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது.

வரிசையைக் கொடுத்தார்கள். நடுவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பெருமழையா தூறலா என்றால், இருவருக்குப் பெருமழை மேல். தூறலா மழையே வேண்டாமா என்றால், இருவருக்குத் தூறல் மேல். வேண்டாமா பெருமழையா என்றால், இருவருக்கு வேண்டாம் என்பதே மேல். ஆகவே முடிவு இல்லை. குழுவின் விருப்பங்களில் இசைவு இல்லை. உங்கள் விருப்பங்களைத் திருத்திக்கொண்டு மீண்டும் முயலுங்கள்."

"அப்போ பெருமழைதான மேல?" என்றார் அய்யலுசாமி.

"அதைவிட வேண்டாம் மேல்."

"சரி, அப்போ மழை வேண்டாம். முடிஞ்சிது" என்று எழுந்தாள் சந்தனமாரி.

"அதைவிடத் தூறல் மேல்."

"நான் அதைத்தானே சொல்றேன், தூறல்" என்றார் ரொசாரியோ.

"அதைவிடப் பெருமழை மேல்."

உலகம்மாளுக்கு நெற்றிப் பொட்டு தெறித்தது. "கொஞ்சம் வாய மூடுதியா?" என்றாள் இயந்திரத்திடம். அது மூடிக்கொண்டது. சொன்னபடி கேட்கிற ஒரே ஆள் அந்த அறையில் அதுதான்.

"இப்ப ஒவ்வொருத்தரா சொல்லுங்க. நீங்க மொதல்ல, அண்ணாச்சி."

அய்யலுசாமி பருத்திச் செடியை மேசைமேல் வைத்தார். "இதப் பாரு தாயி. காய் புடிச்சிருச்சு. ஆனா வெடிக்க தெம்பு இல்ல. ஒரு நல்ல மழ வேணும். அது இல்லேன்னா தூறலாச்சும் வேணும். மழையே வேண்டாம்னா நாங்க இத அறுத்து ஆட்டுக்குத்தான் போடணும்."

"எங்க பாத்தியில உப்பு பூத்து நிக்கு" என்றாள் சந்தனமாரி. "வர்ற வாரம் முதல் வாரல். மழை வேண்டாம், அவ்வளவுதான். கட்டாயம் பெய்யணும்னா கொட்டித் தீக்கட்டும். பெருமழைன்னாவாவது நிவாரணம்னு ஏதோ கையில குடுப்பாவ. இந்தத் தூறல் இருக்கே, சவம், அது உப்பையும் கரைச்சிரும், நிவாரணத்தையும் கெடுத்துரும். பாக்க வார அதிகாரி, 'தரைதான நனைஞ்சிருக்கு'ன்னுட்டுப் போயிருவாரு."

ரொசாரியோ தொண்டையைச் செருமிக்கொண்டார். "டவுனுக்குத் தூறல் போதும். கிணறு ஊறும், புழுதி அடங்கும். அது இல்லையா, மழையே வேண்டாம், சமாளிச்சுக்கிடுவோம். பெருமழை மட்டும் கூடாது. பள்ளத் தெரு முங்கிரும். போன தடவை கட்டில் மிதந்தது ஞாபகம் இருக்கா?"

உலகம்மாளுக்கு ஞாபகம் இருந்தது. மிதந்த கட்டில் அவளுடையது. பள்ளத் தெருவில் நாலாவது வீடு அவள் வீடுதான். ஆனால் செயலர் அதைச் சொல்லக்கூடாது, அதனால் தலையை மட்டும் ஆட்டினாள்.

யார் சொன்னதில் பிழை? அவளுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆள் ஆளுக்கு அவ்வளவு தெளிவு. மூன்று பேருடைய தெளிவையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் மட்டும் கோட்டி பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. இதைப் போய் அந்த இயந்திரம், என்னவோ இவர்கள் மூவரும் நிலையில்லாத புத்திக்காரர்கள் என்பது போல, திருத்திக்கொண்டு வரச் சொல்கிறது.

"என் விருப்பத்த நான் எதுக்குத் திருத்தணும்?" என்று சந்தனமாரி அதையே கேட்டாள். "நான் ஒழுங்காத்தான சொன்னேன்?"

"எல்லாரும் ஒழுங்காத்தான் சொன்னீங்க. அதுதான் வினையே" என்றாள் உலகம்மாள். "இங்க பாருங்க. நாலு மணிக்குள்ள நாம முடிவு சொல்லலன்னா மாவட்டக் கணிப்பு மையம் எடுத்துக்கிடும். எதுல நஷ்டம் கம்மியோ அத அவங்களே போட்டுருவாங்க. என்ன போடுவாங்கன்னு நான் இப்பவே சொல்லுதேன். தூறல்தான்."

"அதெப்படி தூறல்ல நஷ்டம் கம்மி? எங்க உப்பு?"

"குவிச்சு அளந்தாதான்க்கா அவங்க கணக்குல உப்பு. பாத்தியில கெடக்குற வரைக்கும் அது வெறும் கடல்தண்ணி. கரைஞ்சா நஷ்டம்னு எழுத எடமே இல்ல."

சந்தனமாரி காலில் காய்ந்திருந்த உப்பைச் சுரண்டினாள். பன்னிரண்டு பெண்கள் கார்த்திகையிலிருந்து மிதித்து மிதித்துப் பதப்படுத்திய பாத்தி. முதல் வாரல் போனால் குத்தகைப் பணம் கட்ட முடியாது. கட்டாவிட்டால் பாத்தி பழைய முதலாளியிடமே திரும்பிப் போகும். அவர்களும் கூலிக்கு அவனிடமே திரும்பிப் போக வேண்டும். இது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

இன்னும் ஒரு மணி நேரம் கத்தினார்கள். பேச்சு போன வருஷத்து மேகத்துக்குப் போயிற்று, அதற்கும் முந்தின வருஷத்து மேகத்துக்குப் போயிற்று, அய்யலுசாமியின் மச்சான் ரொசாரியோவைக் கல்யாணத்துக்கு அழைக்காமல் விட்டது வரைக்கும் போயிற்று. பசி வந்ததும் மூவரும் எழுந்து எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார்கள். உலகம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

"உன்னால ஒரு முடிவு சொல்ல முடியாதா? நடுவர்னு பேரு வேற."

"மூன்று வழிகளும் ஒன்றையொன்று வெல்கின்றன. நான் எதைச் சொன்னாலும், அதைவிட வேறொன்றை விரும்பும் இருவர் இருப்பார்கள்."

"அப்போ எந்த முடிவு வந்தாலும் ரெண்டு பேர் திட்டுவாங்க."

"ஆம். ஆனால் ஒரு வழி உண்டு. விதி ஏழின்படி, ஒப்பிடும் வரிசையைச் செயலர் தரலாம். முதலில் இரண்டை மோதவிட்டு, அதில் வென்றதை மூன்றாவதோடு மோதவிடலாம்."

"அதுல எது ஜெயிக்கும்?"

"நீங்கள் எதைக் கடைசியாக நிறுத்துகிறீர்களோ அது."

உலகம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு தாளை எடுத்து வைத்துப் போட்டுப் பார்த்தாள். தூறலையும் வேண்டாமையும் மோதவிட்டால் தூறல் ஜெயிக்கும். பிறகு அதைப் பெருமழையோடு விட்டால் பெருமழை. பெருமழையையும் தூறலையும் முதலில் விட்டால் பெருமழை ஜெயித்து, கடைசியில் வருகிற வேண்டாமிடம் தோற்கும். மற்றதும் அப்படியே. எதைக் கடைசியில் ஒளித்து வைக்கிறோமோ அது நோகாமல் வந்து கோப்பையை வாங்கிக்கொண்டு போகிறது.

"அப்போ யார் ஓட்டுப் போட்டாலும் ஒண்ணுதான். முடிவு என் கையில."

"இந்த மாதிரிச் சமயங்களில், ஆம்."

"இந்த விதி எப்போ வந்துச்சு?"

"விதி ஆரம்பத்திலிருந்தே உண்டு. இதற்கு முன் என்னை யாரும் கேட்கவில்லை."

"இது பச்சைக் களவாணித்தனம்" என்றாள் உலகம்மாள். "ஓட்டே வேண்டாம்னுதான நான் இந்த வேலைக்கு வந்தேன். இப்ப மூணு ஓட்டும் எனக்குத்தான்னு சொல்லுத." தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். போட்ட பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. யாரிடம் காட்டுவது? எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள்.

ஜன்னல் வழியே டீக்கடை தெரிந்தது. அவள் எதிர்பார்த்த மாதிரி அங்கே சண்டை நடக்கவில்லை. சந்தனமாரி தன் தூக்குச்சட்டியைத் திறந்து, கருவாட்டுக் குழம்பை மற்ற இரண்டு பேருக்கும் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். அய்யலுசாமி குனிந்து அவள் காலில் இருந்த வெடிப்பைப் பார்த்து என்னவோ கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே கையால் அளவு காட்டினாள். ரொசாரியோ அந்தப் பருத்திச் செடியை வாங்கி, ஒரு காயை உடைத்து, உள்ளே சூம்பிக் கிடந்த பஞ்சை விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் என்னவோ சொல்ல, சந்தனமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பள்ளத் தெருவின் கதையாக இருக்கும். அந்தத் தெருவில் போன தடவை தண்ணீர் வந்தபோது, உலகம்மாளின் பக்கத்து வீட்டுப் பிலோமினா தன் கைக்குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடியதை ஊரே பேசியிருக்கிறது.

அப்பாடா, பேசி முடித்துவிட்டார்கள் என்று உலகம்மாள் நினைத்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இந்த அலுவலகத்தில் ஒரு நல்ல காரியம் நடக்கப்போகிறது. சாப்பிட்டு முடித்துவிட்டு, தெம்பாக இரண்டாவது ஓட்டெடுப்புக்கு எல்லாம் தயார் செய்தாள்.

திரும்பி வந்தவர்கள் முகம் வேறு மாதிரி இருந்தது. யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. ஒருவருக்கொருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொடுத்தார்கள். விட்டுக்கொடுப்பதென்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டால், அதை வாய்விட்டுச் சொல்வது இந்தப் பக்கத்தில் அசிங்கம். சொல்லிவிட்டு விட்டுக்கொடுத்தால் அது கணக்குப் பார்த்த மாதிரி ஆகிவிடும். ஆகவே மூவரும் வாயைத் திறக்காமல் வரிசையைக் கொடுத்துவிட்டு, காற்றாட வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார்கள்.

"முடிவு இல்லை" என்றது நடுவர். "பெருமழையா தூறலா என்றால், இருவருக்குப் பெருமழை மேல். தூறலா மழையே வேண்டாமா என்றால்..."

"நிறுத்து!"

உலகம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். காலையில் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறதே, இதற்கு ஏதாவது கோளாறா? செயலருக்கு மட்டும் தெரியும் திரையைத் திறந்து, யார் என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

அய்யலுசாமி முதலில் மழையே வேண்டாம் என்று போட்டிருந்தார். அது இல்லாவிட்டால் பெருமழை, கடைசியில் தூறல். அது காலையில் சந்தனமாரி கொடுத்த வரிசை. சந்தனமாரி தூறலை முதலில் போட்டிருந்தாள், அடுத்து வேண்டாம், கடைசியில் பெருமழை. அது ரொசாரியோவின் வரிசை. ரொசாரியோ பெருமழை, தூறல், வேண்டாம் என்று அய்யலுசாமியின் வரிசையை எழுத்துப் பிசகாமல் கொடுத்திருந்தார்.

மூன்று பேரும் விட்டுக்கொடுத்திருந்தார்கள். ஆளுக்கொருவருக்கு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல், சுற்றிச் சுற்றி.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்து நாலு சாத்து சாத்தலாமா என்றும் வந்தது. சுயநலத்தோடு கேட்டபோது முடிவு இல்லை. சரி, அது மனுஷ சுபாவம். நல்ல மனசோடு கேட்டாலும் முடிவு இல்லை என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? "எளவு, ஒரு ஆளாவது பிடிவாதமா இருந்திருக்கக் கூடாதா?" என்று சத்தமாகவே சொன்னாள்.

"குழுவின் விருப்பங்களில் இசைவு இல்லை" என்றது நடுவர்.

"காலையில கொடுத்ததும் இதுவும் ஒண்ணா உனக்கு?"

"ஒன்றுதான். பெயர்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. நான் பெயர்களைப் பார்ப்பதில்லை."

மணி மூன்றைத் தாண்டிவிட்டது. மேகத்தின் ஓரம் கொஞ்சம் பிசிறடிக்க ஆரம்பித்திருந்தது. உலகம்மாள் பெயர்களைப் பார்த்தாள். அவளுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

தூறலில் அடியோடு போகப்போகிறவள் சந்தனமாரி, அவளே தூறலை முதலில் கேட்டிருக்கிறாள். மழை வேண்டாம் என்றால் அழியப்போகிறவர் அய்யலுசாமி, அதை முதலில் கேட்டவர் அவர். பெருமழையில் முங்குவது டவுன். கேட்டிருப்பது டவுன்காரர். ஆக, இப்போது எதைப் போட்டாலும், அதில் அதிகமாக அடிபடுகிற ஆள் அதைத் தானே கேட்டவராக இருப்பார். மத்தியானம் களவாணித்தனமாகத் தெரிந்தது இப்போது அப்படித் தெரியவில்லை. யாருடைய நல்ல மனசை எடுத்துக்கொள்வது என்பது மட்டும்தான் பாக்கி.

அந்தப் பாக்கிதான் அவளைக் கொன்றது.

சும்மா இருந்தாலே போதும். நாலு மணிக்கு மையம் தூறலைப் போட்டுவிடும். சந்தனமாரியும் அதைத்தான் கேட்டிருக்கிறாள். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பள்ளத் தெரு முங்காது. அவள் கட்டில், அவள் அரிசி டிரம், போன வருஷம்தான் தவணையில் வாங்கிய ஃப்ரிட்ஜ், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். எவ்வளவு சுலபம்! அந்தச் சுலபம்தான் அவளை உட்கார விடவில்லை.

கதவைத் திறந்து, "அக்கா, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டாள். சந்தனமாரி உள்ளே வந்தாள்.

"உங்க வரிசைய நான் பாத்தேன். ஏங்க்கா இப்படிப் பண்ணுனீங்க? பாத்தி என்ன ஆகும்னு தெரியும்லா?"

சந்தனமாரி கதவில் சாய்ந்துகொண்டாள். "தெரியாமலா? ஆனா அந்தக் கைப்பிள்ளைக் கதைய அவரு சொன்னாரு. உப்பு அடுத்த வருஷமும் பூக்கும், தங்கச்சி. பிள்ளைக்கு ஒண்ணு ஆனா? அது உன் தெருதான?"

"என் தெருதான்."

"பின்ன என்ன. போடு."

"மத்த பதினோரு பேரு?"

"அவங்ககிட்ட நான் சொல்லிக்கிடுதேன். திட்டுவாளுவ. திட்டட்டும். நானும் அவங்களோட சேந்துதான கூலிக்குப் போகப்போறேன்." அவள் போய்விட்டாள்.

உலகம்மாள் அடுத்து ரொசாரியோவைக் கூப்பிட்டாள். "சார், பெருமழை கேட்டிருக்கீங்களே."

அவர் முகம் மலர்ந்தது. "அந்தக் காயை உடைச்சுப் பாத்தேன் மேடம். மனசு கேக்கல. விவசாயி அழியக் கூடாது. டவுன் ஒரு ராத்திரி கஷ்டப்பட்டா என்ன குறைஞ்சு போச்சு? நாம தாங்கிக்கிட மாட்டோமா?"

"உங்க வீடு எங்க சார்?"

"பீச் ரோட்ல. மூணாவது மாடி."

"நல்லது சார்" என்றாள் உலகம்மாள். வேறு என்ன சொல்வது? நல்ல மனுஷர்தான். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. ஆனால் அவர் எடுத்துக் கொடுத்தது அவர் வீட்டுச் சாமான் இல்லை. பிலோமினாவின் தரைத்தளத்தை, அவளைக் கேட்காமல், பெரிய மனசோடு எடுத்துக் கொடுத்திருக்கிறார். மற்ற பதினோரு பேருடையதும் அதில் சேர்ந்ததுதான் என்றாலும், தன் பிழைப்பையே முழுசாகக் கொடுத்தவள் சந்தனமாரி மட்டும்தான். அய்யலுசாமி கொடுத்ததிலும் பாதி அவருடைய காடு, பாதி ஊரார் காடு. அப்படிக் கொடுத்தவளிடமிருந்தே வாங்கிக்கொள்வதுதான் நியாயம் என்று எந்தச் சட்டமும் சொல்லும். அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று நினைக்க நினைக்க உலகம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது. கொடுக்கிற மனசு உள்ளவளிடமே திரும்பத் திரும்ப எடுத்தால், பிறகு கொடுப்பதற்கு அவளிடம் என்னதான் மிஞ்சும்?

பெருமழை என்றால் உப்பு போனாலும் நிவாரணத்தில் குத்தகையாவது கட்டலாம், பருத்தியும் பிழைக்கும். பள்ளத் தெருவில் யாரையும் கேட்கவில்லை, வாஸ்தவம். கேட்க நேரமும் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்காரி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஒருத்தி சரி என்று சொல்லலாம். அது எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னதாக ஆகாது. ஆனாலும் மூணாவது மாடியிலிருந்து வருகிற சம்மதத்தைவிட அது கொஞ்சம் மேல்.

புருஷனுக்கு ஃபோன் போட்டாள். "ஏங்க, சாமானையெல்லாம் பரண்ல ஏத்துங்க. ஃப்ரிட்ஜ பெஞ்சு மேல தூக்கி வையுங்க. பிலோமினாகிட்டயும் சொல்லுங்க, பிள்ளைய எடுத்துக்கிட்டு இப்பவே மாடி வீட்டுக்குப் போகச் சொல்லுங்க. தெரு முழுக்கச் சொல்லிருங்க."

"என்ன ஆச்சு?" என்றான் தங்கதுரை.

"மழ."

"யாரு சொன்னா?"

"வந்து சொல்லுதேன். ஏத்துங்க மொதல்ல."

பிறகு நடுவர் பக்கம் திரும்பினாள். "விதி ஏழு. வரிசை எழுதிக்கோ. முதல்ல தூறலும் வேண்டாமும். அதுல ஜெயிக்கிறது பெருமழையோட."

"உறுதிதானா? இதன் முடிவு..."

"தெரியும். போடு."

வெளியே மேய்ப்பான்கள் வட்டத்தைக் குறுக்கின. மேகத்தின் அடிவயிறு மின்னியது. வராந்தாவில் நின்றவர்கள் மூன்று பேரும் மேலே பார்த்தார்கள். முதல் சொட்டு அய்யலுசாமியின் நெற்றியில் விழுந்தது. தான் வேண்டாம் என்று போட்டது எப்படி மழையாக வந்தது என்று விளங்காமல், கும்பிட்ட கையோடு நின்று அழுதார். சந்தனமாரி திரும்பி ஜன்னலுக்குள்ளே இருந்த உலகம்மாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ரொசாரியோ மழைக்குக் கையை நீட்டி, "நம்மால ஆனது" என்று யாரிடமோ சொன்னார். உலகம்மாள் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

ராத்திரி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. காலையில் பள்ளத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஆள் யாருக்கும் ஒன்றும் இல்லை, பிள்ளைகள் எல்லாம் முந்தியே மாடிக்குப் போயிருந்தார்கள். ஆனால் எல்லா வீட்டிலும் மெத்தை போயிற்று, மாவு போயிற்று, பள்ளிக்கூடப் புத்தகம் போயிற்று. பரணில் ஏற்ற முடியாத ஃப்ரிட்ஜ் உலகம்மாள் வீட்டில் பெஞ்சோடு சாய்ந்து கிடந்தது. தங்கதுரை அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிளாஸ்டிக் முறத்தை எடுத்துத் தண்ணீரை வெளியே தள்ள ஆரம்பித்தான்.

பக்கத்து வீட்டு வாசலில் பிலோமினா, இடுப்பில் பிள்ளையோடு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். உலகம்மாளைப் பார்த்ததும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வந்தாள்.

"நீங்க அங்கதானக்கா இருந்தீங்க? எவன் போட்டான் இந்த உத்தரவ?"

"நான்தான் போட்டேன், பிலோமி."

பிலோமினா அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் இடுப்பில் இருந்த பிள்ளை பயப்படும்படி சிரித்துவிட்டாள். "போங்கக்கா. நாங்கல்லாம் திட்டுதோம்னு அதுக்குப் பழிய நீங்க தூக்கிச் சுமக்கணுமா? சொந்த வீட்டுக்குள்ள யாராச்சும் தண்ணிய விடுவாங்களா?"

"நெசமாத்தான் சொல்லுதேன். கேளு. மூணு பேரும்..."

"எல்லாம் அந்த மெஷினு செஞ்ச வேல. அதுக்கு வீடா, வாசலா, பிள்ளையா? மனுஷங்க கையில இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமா?" பிலோமினா ரவிக்கைக்குள்ளிருந்து மடித்து வைத்த ஒரு தாளை எடுத்தாள். காலையிலேயே தெருவே கூடி எழுதியிருந்தார்கள். மழைக் குழுவிலிருந்து இயந்திரத்தை எடுத்துவிட்டு, இனிமேல் மனிதர்களே மனசாட்சிப்படி முடிவெடுக்க வேண்டும் என்று கலெக்டருக்கு ஒரு மனு. பாதித் தெரு கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

"உங்களுக்கு வேலையில ஏதும் பிரச்சனை வரும்னா வேண்டாம்க்கா" என்றாள் பிலோமினா.

உலகம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.